செல்ஃப் மோட்டார் சுத்துது, இன்ஜின் அசையல – பழைய ஏடிவி, அவசரம்

மண்மேடு
பழைய ஏடிவி (மேடு பள்ளத்துல ஓடுற நாலு சக்கர வண்டி). பட்டன் அழுத்தினா செல்ஃப் மோட்டார் மட்டும் விர்ருனு சுத்துது, இன்ஜின் அசையல. சில நேரம் கர்ரக்னு பல்லு உரசுற சத்தம். கயிறு இழுத்தா உடனே ஸ்டார்ட் ஆயிடுது. பேட்டரி நல்லா இருக்கு. என்ன மாத்தணும்? சீக்கிரம் சொல்லுங்க, வண்டி நாளைக்கு வேணும்.

நட்டுபோல்ட்டு
எந்த வண்டி, எந்த வருஷம், எத்தனை சிசி? ரெண்டு ஸ்ட்ரோக்கா, நாலா? காலைல முதல் தடவ மட்டும் இப்படியா, இல்ல சூடானாலும் இப்படித்தானா? இதுக்கு முன்னாடி யாராவது செல்ஃபைக் கழட்டினாங்களா? இதெல்லாம் தெரியாம சொல்றது ஜோசியம்தான் நண்பா.

12வோல்ட்
"பேட்டரி நல்லா இருக்கு"ன்னா மீட்டர் வெச்சுப் பாத்தீங்களா, இல்ல லைட் எரியுதுன்னு சொல்றீங்களா? சும்மா நிக்கும்போது 12.6 வோல்ட்டுக்கு மேல இருக்கணும். பட்டன் அழுத்தும்போது பேட்டரி முனையில 9.6க்குக் கீழ இறங்கக் கூடாது. பெண்டிக்ஸ் வகையா இருந்தா (பட்டன் அழுத்தும்போது மட்டும் ஒரு சின்ன கியர் வெளிய வந்து இன்ஜினோட கோர்த்துக்கற வகை), பினியன், அதாவது அந்தச் சின்ன கியர், வெளிய பாயறது மோட்டார் வெடுக்குனு கிளம்புற வேகத்துலதான். மோட்டார் மெதுவா வேகம் எடுத்தா பினியன் பாயாது, அங்கேயே கூடச் சேந்து சுத்திக்கிட்டு நிக்கும். முதல்ல பேட்டரி, அப்புறம்தான் மத்ததெல்லாம்.

ஸ்ப்ராக்
ஒன்வே கிளட்ச் (ஒரு பக்கம் மட்டும் பூட்டிக்கிட்டு இன்ஜினைச் சுத்தற பாகம்) போயிடுச்சு, சந்தேகமே வேண்டாம். புல்லர் (இழுத்துக் கழட்டற கருவி) போட்டு மேக்னெட்டை, அதாவது இன்ஜின் தண்டு முனையில இருக்கற காந்தச் சக்கரத்தைக் கழட்டினா பின்னாடி இருக்கும். பெரும்பாலும் மூணு ரோலர், மூணு ஸ்பிரிங். ரோலர்ல தட்டை விழுந்திருக்கும், இல்லேன்னா ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். செட்டா மாத்துங்க.

பழையஇரும்பு
கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் எழுதும் வழக்கம் இங்கே எப்போது வரும் என்று தெரியவில்லை. அவர் பல் உரசும் சத்தம் என்று எழுதியிருக்கிறார். ஒன்வே கிளட்ச் வண்டியில் கியர்கள் எந்நேரமும் கோர்த்தபடியே இருக்கும். கிளட்ச் வழுக்கினால் சத்தமே இல்லாமல் வழுக்கும், அல்லது 'டக்' என்று ஒரு அடி விழும். பல் உரசுகிறது என்றால் ஏதோ ஒரு கியர் வெளியே வந்து கோர்க்கப் பார்க்கிறது. அது பெண்டிக்ஸ். இதற்கு மேக்னெட்டைக் கழட்டவே தேவையில்லை.

ஸ்ப்ராக்
@பழையஇரும்பு மேக்னெட்டோட கிளட்ச்சைப் பிடிச்சிருக்கற ஸ்க்ரூ லூசானாலும் கர்ரக்னு சத்தம் வரும். எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேச வேண்டாம்.

பழையஇரும்பு
அந்த ஸ்க்ரூ லூசானால் இன்ஜின் ஓடும்போதும் சத்தம் வரும். வருகிறதா என்று வண்டிக்காரர் சொல்லட்டும்.

மண்மேடு
இன்ஜின் ஓடும்போது சத்தம் இல்ல. வண்டியோட விவர பிளேட் படம் போட்டிருக்கேன். 1999, 500 சிசி, நாலு ஸ்ட்ரோக், ஒரே சிலிண்டர். செல்ஃபை யாரும் கழட்டினதில்ல. குளிர்ல மோசம், மதியம் சில சமயம் எடுக்குது. போன மாசம் ஃபுட்ரெஸ்ட் மூழ்கற அளவு தண்ணில ஓட்டினோம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா? மீட்டர் கைல இல்ல.

நட்டுபோல்ட்டு
இருக்குமாவா! அதை முதல் பதிவுலயே சொல்லியிருக்கணும். படத்துல இருக்கற மாடலுக்கு பெண்டிக்ஸ்தான், கயிறு மூடிக்குள்ள உக்காந்திருக்கும். ரீகாயில் (கயிறு இழுக்கற பகுதி) வழியா தண்ணி உள்ள போகும், வெளிய வர வழி இல்ல. மூடிக்கு அடியில வடிகால் ஸ்க்ரூ இருக்கான்னு பாருங்க. இருந்தா இப்பவே கழட்டி விடுங்க. தண்ணியும் பழைய கிரீஸும் கலந்தா பசை மாதிரி ஆயிடும், குளிர்ல இன்னும் இறுகிடும். பினியன் அதுல மாட்டிக்கிட்டு நிக்குது.

பழையஇரும்பு
மூடியைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழட்டி எர்த்தில் வைத்துவிட்டு, கயிற்றை மெதுவாக இழுத்து இன்ஜினைக் கால் சுற்று நகர்த்துங்கள். பிறகு பட்டனை அழுத்துங்கள். எடுக்கவில்லையா, இன்னொரு கால் சுற்று. ஒற்றை சிலிண்டர் இன்ஜின் நிற்கும்போது பெரும்பாலும் கம்ப்ரஷனுக்குச் சற்று முன்பாக, ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். ஆகவே ரிங் கியரில் (பினியன் வந்து கோர்க்கும், மேக்னெட்டின் பல் வளையம்) அந்த ஒரு பகுதிப் பற்கள் மட்டும் தேயும். நகர்த்தி வைத்தால் ஒழுங்காகக் கோர்க்கிறது, பழைய இடத்தில் மட்டும் உரசுகிறது என்றால் குற்றம் ரிங் கியரில். எங்கே நிறுத்தினாலும் அதே கதை என்றால் குற்றம் பெண்டிக்ஸில்.

மண்மேடு
நாலு இடத்துலயும் அதே கதைதான். இப்ப கழட்டப் போறேன். சுருக்கமா சொல்லுங்க.

பழையஇரும்பு
சுருக்கமாகச் சொன்னதால்தான் பாதிப் பேர் வாஷரைத் தொலைக்கிறார்கள். பொறுமையாகப் படியுங்கள்.

பேட்டரியில் முதலில் நெகட்டிவைக் கழட்டவும். ரீகாயிலை எடுக்கவும். மூடியின் போல்ட்டுகளில் நீளம் குட்டை கலந்திருக்கும். அட்டையில் மூடியின் வடிவம் வரைந்து, எந்தத் துளையில் எது இருந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். நீளமானதைக் குட்டைத் துளையில் போட்டு இறுக்கினால் அலுமினியம் பிளக்கும். மூடி வர மறுத்தால் ரப்பர் சுத்தியால் சுற்றிலும் தட்டுங்கள். ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பினால் கேஸ்கெட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் தாள்) உட்காரும் முகத்தில் வெட்டு விழும், அடுத்த மழையில் மறுபடி தண்ணீர்.

பெண்டிக்ஸை உருவுவதற்கு முன் அதன் பின்புற வாஷர் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையில் வந்ததும் பார்க்க வேண்டியது நான்கு.

பினியனைத் திருகினால் சுருள் பள்ளத்தில் வழுவழுப்பாக முன்னே வர வேண்டும், விட்டால் தானே பின்னே போக வேண்டும். நடுவழியில் நின்றால் அழுக்கு, துரு அல்லது ஸ்பிரிங்.

பினியன் பற்களின் முன்முனை. லேசான மழுங்கல் பரவாயில்லை. உடைந்தோ விரிந்தோ இருந்தால் முழு டிரைவையும் (பெண்டிக்ஸ் முழுவதையும்) மாற்றவும்.

உள்ளிருக்கும் ஓவர்ரன் கிளட்ச். ஒரு திசையில் பூட்ட வேண்டும், மறு திசையில் தடையின்றி ஓட வேண்டும். இரண்டு பக்கமும் ஓடினால் அதைக் கழுவிப் பயனில்லை.

கடைசியாக, பலரும் விட்டுவிடும் புஷ் (தண்டைத் தாங்கும் உலோக வளையம்). தண்டின் முனை மூடியில் உள்ள புஷ்ஷில் சுற்றுகிறது. தண்டை அதில் நுழைத்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் தெரியும்படி ஆடினால், புது டிரைவ் போட்டாலும் பினியன் சாய்ந்துதான் ரிங் கியரைத் தொடும், சில மாதத்தில் இரண்டையும் தின்றுவிடும்.

கிரீஸ்துணி
மண்ணெண்ணெய்ல ஊற வெச்சு எடுத்து, வீல் பேரிங் கிரீஸ் நல்லா அடைச்சு விடுங்க. தண்ணி கிட்டயே வராது.

பழையஇரும்பு
இதைச் செய்யாதீர்கள். ஊற வைத்தால் ஓவர்ரன் கிளட்ச்சுக்குள் இருக்கும் கிரீஸ் கரைந்து ஓடிவிடும், திரும்பப் போட வழியில்லை. துணியில் நனைத்துச் சுருள் பள்ளத்தை மட்டும் துடைக்கவும். அடைத்த கிரீஸ்தானே குளிரில் இறுகி இந்த நிலைக்குக் கொண்டுவந்தது?

டீசல்வாசம்
கார் பெண்டிக்ஸுக்குக் கிரீஸே போட மாட்டோம். சுத்தமா, காய்ஞ்சே இருக்கணும். பசை இருந்தா தூசி ஒட்டிப் பினியன் நிக்கும்.

கிரீஸ்துணி
கார்ல கிளட்ச் தூசி பறக்கும், அதனால அங்க காய்ஞ்சு இருக்கணும். இங்க வர்றது தண்ணி. காய்ஞ்சு விட்டா ஒரே மழைல துரு. ரெண்டும் ஒண்ணாகுமா?

டீசல்வாசம்
அப்ப கேஸ்கெட்டை ஒழுங்கா போடுங்க. தண்ணி வர்ற ஓட்டையை விட்டுட்டு கிரீஸ் அடைக்கிறது என்ன வைத்தியம்?

நட்டுபோல்ட்டு
ரெண்டு பேரும் பாதி சரி. செல்ஃப் டிரைவுக்குன்னு குளிர்ல இறுகாத இளக்கமான கிரீஸ் தனியா வருது. சுருள் பள்ளத்துலயும் ரெண்டு புஷ்லயும் விரல்ல தொட்டு ஒரு பூச்சு, அவ்வளவுதான். கேஸ்கெட் புதுசு போடுங்க. 6 எம்எம் போல்ட்டுக்கு 8லிருந்து 10 நியூட்டன் மீட்டர் போதும், குறுக்கு மறுக்கா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க.

12வோல்ட்
பினியன் வழுக்கிக்கிட்டு வந்தாலும் எடுக்கலைன்னா, பேட்டரியிலிருந்து மோட்டார் வரைக்கும் ஒவ்வொரு இணைப்பையும் சுரண்டிச் சுத்தம் பண்ணுங்க. மீட்டர் கிடைச்சா பட்டன் அழுத்தி அளங்க, ஒரு இணைப்புக்கு 0.1 வோல்ட்டுக்கு மேல விழக் கூடாது. எர்த் வயரையும் சேத்துத்தான்.

பழையஇரும்பு
ஒரு திருத்தம். மோட்டார் இன்ஜினைச் சுற்றாமல் வெறுமனே ஓடும்போது அளந்தால் கரண்ட் குறைவாகத்தான் இழுக்கும், மோசமான இணைப்பும் நல்லதாகவே காட்டும். பினியன் கோர்த்து இன்ஜின் சுற்றும்போது அளந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

12வோல்ட்
அது சரிதான்.

மண்மேடு
கழட்டியாச்சு. உள்ள தண்ணி இருந்தது, பள்ளம் பூரா துரு. டிரைவ்ல இருக்கற வட்ட ஸ்பிரிங் ரெண்டு துண்டா கிடந்தது. பல்லு நல்லா இருக்கு, கிளட்ச்சும் ஒரு பக்கம்தான் ஓடுது. துடைச்சு மாட்டினேன், எடுக்குது, ஆனா சில நேரம் ஸ்டார்ட் ஆகறதுக்குள்ள பினியன் கழண்டுக்குது. புஷ் கொஞ்சம் ஆடுது. நன்றி எல்லாருக்கும்.

நட்டுபோல்ட்டு
பாதியில கழண்டுக்கறது அந்த ஸ்பிரிங் இல்லாததால இருக்கலாம், முதல்ல அதை மாத்துங்க.  ஸ்பிரிங் தனியா கிடைக்கும், முழு டிரைவ் வாங்க வேண்டாம். துண்டு ரெண்டும் வெளிய வந்துடுச்சுல்ல? ரெண்டையும் சேத்து வெச்சு வட்டம் முழுசா வருதான்னு பாருங்க. ஒரு சின்னத் துண்டு உள்ள இருந்தாலும் மேக்னெட் இழுத்து வெச்சுக்கும்.

பழையஇரும்பு
புஷ் "கொஞ்சம்" ஆடுவது என்று ஒன்று கிடையாது. மறுபடி திறக்கத்தான் போகிறீர்கள், அப்போதே மாற்றிவிடுங்கள். அடி மூடிய துளையாக இருந்தால், புஷ்ஷுக்குள் கிரீஸை நிரப்பி, இறுக்கமாக நுழையும் ஒரு கம்பியை வைத்துத் தட்டுங்கள். கிரீஸின் அழுத்தத்திலேயே புஷ் மேலே ஏறி வரும். ஸ்பிரிங் கைக்கு வரும்வரை கயிறுதான். கழன்று கழன்று பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் ரிங் கியர் போகும், அதற்கு மேக்னெட்டையே கழட்ட வேண்டி வரும்.

சேறுபுடிச்சவன்
எனக்கும் இதே பிரச்சினை அண்ணே. ஆனா மோட்டாரே சுத்தல, டக்னு ஒரு சத்தம் மட்டும் வருது. இதே ஸ்பிரிங்தான் மாத்தணுமா?

பழையஇரும்பு
இது இதே பிரச்சினை இல்லை. தனி இழை தொடங்குங்கள். வண்டி, வருஷம், சிசி, பேட்டரி வோல்ட் நான்கையும் முதல் வரியிலேயே எழுதுங்கள்.