பெப்ரவரிக் கடைசியில் கப்பலில் வருகினம்: உப்புவெளியா, நிலாவெளியா, மாபிள் பீச்சா?

மடத்தடி:

வணக்கம். ரொறன்ரோவில் இருக்கிற அக்கா குடும்பம் வாற பெப்ரவரி கடைசிக் கிழமை சுற்றுலாக் கப்பலில் திருகோணமலைக்கு வருகினம். காலமை 8 மணிக்கு அஷ்ரப் இறங்குதுறையில் கட்டும், பின்னேரம் 4.30க்குள்ளே எல்லாரும் ஏறியிருக்க வேணும் என்று அட்டவணை சொல்லுது. ஆறு பேர்: அக்கா, அத்தான், 6 வயசிலும் 11 வயசிலும் பிள்ளைகள், அத்தானின்ர அம்மா அப்பா. மாமிக்கு முழங்கால் வருத்தம், மணலில் கனதூரம் நடக்க ஏலாது.

அவை முந்திக் கரீபியனில் கிராண்ட் டேர்க்குக்குப் போனவை. அங்கே கப்பலால் இறங்கினால் இறங்குதுறைக்குப் பக்கத்திலேயே கடற்கரை. அந்த நினைப்பில்தான் "துறைமுகத்துக்குக் கிட்ட சுத்தமான பீச் எது" என்று கேட்கினம். உப்புவெளி, நிலாவெளி, மாபிள் பீச் மூன்றிலும் எது சரி? நகரத்துக்குள்ளேயே டச்சு பே இருக்கே, அது காணாதா? புறாமலைத் தீவுக்குப் போயே ஆகவேணும் என்று பிள்ளைகள் நிற்கிறாங்கள், அது நடக்குமா?

கொட்டியாரம்:

முதலில் அந்த கிராண்ட் டேர்க் நினைப்பை விடச் சொல்லுங்கோ. அங்கே பயணிகளுக்கென்றே கட்டின துறை. எங்கட அஷ்ரப் துறை சரக்குத் துறை, அதுவும் உள்துறைமுகத்துக்குள்ளே. இறங்கினவுடனே குளிக்கிற இடமும் இல்லை, துறைமுக வளவுக்குள்ளே விரும்பினபடி நடக்கவும் விடமாட்டினம். எந்தக் கடற்கரைக்கும் வாகனம் வேணும்.

அடுத்தது மாசம். இதுதான் முக்கியம், படம் பார்த்துத் தெரிவு செய்கிற ஆக்கள் தவறவிடுறதும் இதுதான். இணையத்தில் கண்ணாடி மாதிரிக் கிடக்கிற நிலாவெளிப் படமெல்லாம் மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் எடுத்தது. வெளிநாட்டுக் கப்பல்கள் ஆசியப் பக்கம் கூடுதலாக வாறது அவையின்ர குளிர்காலத்தில், அதாவது எங்கட வாடைக் காலத்திலும் அதின்ர வாலிலும். நவம்பர், டிசம்பர், ஜனவரியில் உப்புவெளியும் நிலாவெளியும் திறந்த கடல். வாடைக்காற்று நேரே கரைக்கு அடிக்கும், அலை கரையிலேயே உடையும், தண்ணி மண் கலங்கி நிற்கும், மாரி வெள்ளம் கொண்டுவந்த தடியும் குப்பையும் கரையில் ஒதுங்கும். பெப்ரவரிக் கடைசி இரண்டுங்கெட்டான். நல்ல நாள் கிடைத்தால் மிச்சம் நல்லாயிருக்கும், கிடைக்காவிட்டால் முழங்கால் தண்ணிக்கு மேலே பிள்ளைகளை விட ஏலாது.

மாபிள் பீச் அப்படியில்லை. சீனக்குடாவைத் தாண்டி, கொட்டியாரக் குடாப் பக்கமாக, பாறை முனைகளுக்குள்ளே ஒதுங்கிக் கிடக்கு. வெளிக்கடல் அலை முழு வேகத்தோடு உள்ளே வராது. ஆழம் மெல்ல மெல்லத்தான் கூடும். விமானப்படை நடத்துது, வாசலில் நுழைவுச்சீட்டு வேணும். காசு கொடுத்துப் போறதால் ஆள் வைத்துத் துப்புரவாக்கினம். உடுப்பு மாற்ற, நல்ல தண்ணியில் குளிக்க இடம் இருக்கு, ரொயிலற் இருக்கு, சாப்பாடும் எடுக்கலாம். மாமியின்ர முழங்காலுக்கு இன்னொரு வசதி, வாகனம் மணலுக்குக் கிட்ட வரைக்கும் போகும்.

குறையும் சொல்லவேணும். சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் உள்ளூர்ச் சனம் பஸ் பஸ்ஸாக இறங்கும். ஒன்பது மணிக்கு வெறிச்சென்று கிடந்த கரை பதினொரு மணிக்குக் கால் வைக்க இடமில்லாமல் போகும், சத்தமும் கூட. கப்பல் வாற நாள் கிழமையில் எந்த நாள் என்று முதலில் பாருங்கோ. மற்றது, பக்கத்தில் விமானத்தளம். ட்ரோன் கமெரா கொண்டு வந்தால் பையை விட்டு வெளியிலேயே எடுக்கவேண்டாம் என்று மருமகப்பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கோ.

நிலாவெளி வடக்கு:

கொட்டியாரம் சொன்ன மாசக் கணக்குச் சரி. ஆனால் பெப்ரவரிக் கடைசியில் நிலாவெளியை ஒரேயடியாக வெட்டிவிடத் தேவையில்லை. அந்த நேரம் வாடை தளர்ந்திருக்கும். காலமையில் கடல் இறங்கிக் கிடக்கும், பதினொன்று பன்னிரண்டுக்குப் பிறகு கடற்காற்று எழும்பி, மிச்சமிருக்கிற வாடையோடு சேர்ந்து அலையைக் கூட்டும். ஆகவே நிலாவெளி என்றால் காலமை மட்டும்தான். "நகரம் சுற்றிப்போட்டு மத்தியானம் குளிப்பம்" என்றால் கலங்கின தண்ணிதான் கிடைக்கும்.

புறாமலையைப் பற்றி விரிவாகச் சொல்லவேணும், ஏனென்றால் ஆக்கள் அதைச் சும்மா ஒரு பீச் என்று நினைத்து வருகினம். அது தேசியப் பூங்கா. 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா ஆக்கினவை. கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். வனசீவராசித் திணைக்களத்தின்ர சீட்டை நிலாவெளிக் கரையில் எடுக்கவேணும். வெளிநாட்டவர், சார்க் நாட்டவர், உள்நாட்டவர் என்று கட்டணம் வெவ்வேறு. கனடாக் கடவுச்சீட்டு என்றால் தமிழ் கதைச்சாலும் வெளிநாட்டுக் கட்டணம்தான். ஆள் கணக்குக்கு மேலே குழுவுக்கு ஒரு சேவைக் கட்டணம், அதுக்கு மேலே வரி, பிறகு படகுக் காசு தனி. படகுக்காரர் சொல்லுற விலையில் சீட்டும் அடக்கமோ என்று ஏற முன்னமே தெளிவாகக் கேளுங்கோ. வாக்குவாதம் வாறது எப்பவும் அந்த இடத்தில்தான்.

படகில் ஏறுறதைப் பாருங்கோ. அங்கே இறங்குதுறை இல்லை. பைபர் படகின்ர அணியத்தை (முன்பக்கத்தை) அலைக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பினம். நீங்கள் முழங்கால் தண்ணிக்குள்ளே நடந்து போய், விளிம்பில் குந்தி, காலை உள்ளே தூக்கிப் போடவேணும். அலை வந்தால் படகு ஒரு அடி மேலே போய் இறங்கும், அந்த நேரம் காலைத் தூக்கினால் முழங்கால் விளிம்பில் அடிபடும். அலை போன பிறகு ஏறு என்று படகுக்காரர் சொல்லும் வரைக்கும் பொறுக்கவேணும். தீவில் இறங்கினாலும் பஞ்சு மணல் இல்லை, செத்த பவளத் துண்டுகள் குவிந்த கரை, வெறுங்காலில் நடந்தால் வெட்டும். உங்கட மாமிக்கு இது சரிவராது.

பிள்ளைகளுக்கும் பெப்ரவரியில் அங்கே பெரிசாக ஒன்றும் தெரியாது. மாரி கலக்கின வண்டல் முழுக்க அடங்கியிருக்காது. பவளத்தையும் மீனையும் கறுப்பு முனைச் சுறாக் குட்டிகளையும் தெளிவாகப் பார்க்கிறது என்றால் மே மாசத்துக்குப் பிறகு. கடல் எழும்பியிருந்தால் படகும் விடமாட்டினம். காசையும் மூன்று மணித்தியாலத்தையும் அதில் போடவேண்டாம் என்பது என்ர கருத்து.

அப்படியும் போறதென்றால் சன் கிறீம் அள்ளிப் பூசாமல் நீட்டுக்கைச் சட்டை போடச் சொல்லுங்கோ, அந்தக் கிறீம் பவளத்துக்குக் கூடாது. பவளத்துக்கு மேலே ஏறி நிற்கவும் வேண்டாம்.

வான்காரன்:

நான் நேரத்தை மட்டும் சொல்லுறன், கடலை மற்றவை சொல்லட்டும். தூரமெல்லாம் நகர பஸ் நிலையத்திலிருந்து கணக்கு: உப்புவெளி ஐந்து ஆறு கிலோமீற்றர், நிலாவெளி பதினைந்து, மாபிள் பீச் பதினாறு அளவில். உப்புவெளிக்கு 15 நிமிசம், மற்ற இரண்டுக்கும் அரை மணித்தியாலம். நிலாவெளி வடக்கே, மாபிள் பீச் தென்மேற்கே. ஒரே நாளில் இரண்டும் என்று யாரும் சுற்றுலாப் பொதி (பக்கேஜ்) சொன்னால் நாள் முழுக்க வானுக்குள்ளேதான்.

கப்பல் 8க்குக் கட்டும் என்றால் 8க்கு வெளியே வரலாம் என்று அர்த்தமில்லை. அதிகாரிகள் ஏறிப் பார்த்து விடவேணும், பிறகு கப்பலின்ர சொந்தச் சுற்றுலாப் பஸ்காரரை முதலில் இறக்குவினம். 9 மணி, 9.15 என்று வையுங்கோ. அனுமதி இல்லாத வான் துறைமுகத்துக்குள்ளே வராது, நீங்கள் வாசலுக்கு வெளியில்தான் நிற்கவேணும். எந்த வாசலுக்குக் கொண்டுவந்து விடுவினம் என்று அக்காவைக் கப்பலிலேயே கேட்டு முதல் நாள் எழுதச் சொல்லுங்கோ. வாசலைப் பிழையாக விளங்கிக்கொண்டால் அரை மணித்தியாலம் அதிலேயே போகும், வெளிநாட்டு சிம் இங்கே எல்லா இடமும் வேலை செய்யாது.

திரும்புற நேரத்தை 4.30க்குப் போடாதையுங்கோ, 3.30க்கு வாசலில் நிற்கிறமாதிரிப் போடுங்கோ. கப்பல் ஒழுங்கு செய்த சுற்றுலா பிந்தினால் கப்பல் காத்து நிற்கும். சொந்த வானில் போனவனுக்குக் காத்து நிற்காது. ஒன்றரை தொடக்கம் இரண்டேகால் வரைக்கும் பள்ளிக்கூடம் விடுற நேரம், நிலாவெளி றோட்டிலும் நகரத்துக்குள்ளேயும் வான் ஊரும். அந்த இடைவெளியில் றோட்டில் நிற்காமல் கடற்கரையிலேயே சாப்பிட்டு முடித்துப்போட்டு 2.30க்கு வெளிக்கிடலாம்.

கப்பல் நேரத்தையும் பார்க்கவேணும். இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்று. ஆனால் மாலைதீவு அரை மணித்தியாலம் பிந்தி, தாய்லாந்து ஒன்றரை மணித்தியாலம் முந்தி. அங்கே இருந்து வாற கப்பல் சிலவேளை தன்ர நேரத்தை மாற்றாமலே வரும். 4.30 எந்த நேரப்படி என்று கேட்கவேணும். கைத்தொலைபேசி கரையில் தானாக இலங்கை நேரத்துக்கு மாறிவிடும், அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கதை கந்தல்.

வாடகை பேசேக்க "போய்வர" என்று பேசாமல், காத்திருக்கிற நேரத்தோடு சேர்த்து நாள் வாடகையாகப் பேசுங்கோ. ஆறு பேருக்கு ஓட்டோ சரிவராது.

மடத்தடி:

மூன்று பேருக்கும் நன்றி. நாளைப் பார்த்தன், சனிக்கிழமை! மாபிள் பீச் நிரம்பும் என்றால் உப்புவெளி எப்படி? டச்சு பேயைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

அலஸ்தோட்டம்:

டச்சு பே பின்னேரம் காற்று வாங்க, கடலை வாங்கிக் கொறிக்க. குளிக்கிறதுக்கு இல்லை. கரை சரிவு, கால் வைத்த இரண்டாவது அடியிலேயே ஆழம் மாறும், அடியில் இழுவை இருக்கு. மழை பெய்தால் நகரத்து வாய்க்கால் தண்ணியும் கடலுக்குத்தான் போகுது. படம் எடுக்கப் போனால் சாப்பாட்டுப் பையை மணலில் வைக்கவேண்டாம், மான்கள் வந்து பொலித்தீனோடு தின்னும்.

உப்புவெளி சனிக்கிழமையிலும் தாங்கும், கரை நீளம். எந்தத் துண்டு என்பதில்தான் விசயம். நகரத்துப் பக்க முனையை விடுங்கோ. வடக்கே சாம்பல்தீவுக் களப்பு கடலோடு சேருற முகத்துவாரத்தையும் விடுங்கோ. மாரி முடிந்த கையோடு அது திறந்திருந்தால் களப்புத் தண்ணி பழுப்பாக இறங்கும், ஓட்டமும் பலமாக இருக்கும். நடுவில் ஹோட்டல்கள் வரிசையாக இருக்கிற துண்டுதான் துப்புரவு, அவையின்ர ஆக்கள் காலமை வாரி எடுப்பினம். ஒரு ஹோட்டலில் மத்தியானச் சாப்பாடு சொன்னால் கதிரை, நிழல், ரொயிலற், குளிக்கிற தண்ணி எல்லாத்துக்கும் வழி பிறக்கும். முதல் நாளே தொலைபேசியில் பேசி, படி இல்லாமல் மணலுக்கு இறங்கலாமோ என்று மாமிக்காகக் கேளுங்கோ.

போனவுடனே தண்ணிக்குள்ளே பாயாமல் ஐந்து நிமிசம் நின்று பார்க்கச் சொல்லுங்கோ. அலை வரிசையாக உடையிற இடத்தில், நடுவில் ஒரு துண்டு மட்டும் உடையாமல், கொஞ்சம் கறுத்து, மேலே மண்ணும் நுரையும் வெளிப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தால் அதுதான் இழுவை. தெரியாதவன் அதைத்தான் அமைதியான இடம் என்று இறங்குவான். அகப்பட்டால் கரைக்கு நேரே நீந்தாமல், கரையோடு பக்கவாட்டில் நீந்தி வெளியே வரவேணும்.

கரைவலை இழுக்கிற இடத்தில் இரண்டு கயிற்றுக்கும் நடுவில் பிள்ளைகளை விடவேண்டாம். வலை ஏறினதும் நல்ல மீனைத் தெரிந்தெடுத்துப்போட்டு சொறியையும் (ஜெல்லி மீன்) முள்ளுக் குஞ்சுகளையும் மணலிலேயே கொட்டிவிட்டுப் போவினம். காய்ந்து கண்ணாடித் தாள் மாதிரிக் கிடக்கிற சொறியும் சுணைக்கும். சுணைத்தால் மணல் போட்டுத் தேய்க்கிறது, நல்ல தண்ணி ஊற்றுறது இரண்டும் கூடாது. கடல்தண்ணியால் கழுவி, ஒட்டினதைத் தட்டையான அட்டையால் எடுத்து, தாங்கக்கூடிய சுடுதண்ணியில் வைக்கலாம். மூச்சு முட்டினால் நேரே ஆஸ்பத்திரி.

கொட்டியாரம்:

சனிக்கிழமை என்றால் நானும் உப்புவெளிக்குச் சம்மதம், ஆனால் ஒரு நிபந்தனை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நீங்களே பின்னேரம் ஒருக்கா கரையைப் போய்ப் பாருங்கோ, உள்ளூரில் இருக்கிறதின்ர பலன் அதுதானே. அலை இடுப்புக்கு மேலே உடைந்தால் மாபிள் பீச்சுக்கே விடுங்கோ. 9.45க்கு உள்ளே போனால் சனம் நிரம்ப முன்னம் ஒரு மணித்தியாலம் நல்லாய்க் கிடைக்கும். வற்றுப் பெருக்கைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை, இங்கே ஒரு மீற்றருக்கும் குறைவு.

பிறகு வாசிக்கிற ஆக்களுக்காக ஒன்று: யூன், யூலை, ஓகஸ்டில் கணக்குத் தலைகீழ். அப்ப கச்சான் (தென்மேற்குக் காற்று) தரையிலிருந்து கடலுக்கு வீசும், உப்புவெளியும் நிலாவெளியும் குளம் மாதிரிப் படுத்துக் கிடக்கும். அந்த அமைதியை நம்பிப் பிள்ளைகளைக் காற்றடித்த மிதவையில் ஏற்றிவிட்டால், கச்சான் அதைச் சத்தமில்லாமல் வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். கச்சான் காலத்தில் மிதவையே வேண்டாம்.

மடத்தடி:

அப்ப முடிவு இப்படி: வெள்ளிக்கிழமை பின்னேரம் கரையைப் பார்த்து, அலை குறைவென்றால் உப்புவெளி ஹோட்டல் துண்டு, இல்லையென்றால் மாபிள் பீச். புறாமலை இல்லை. திரும்பேக்க கோணேசர் கோயிலுக்கு மாமி கேட்கிறா, 2.30க்கு வெளிக்கிட்டால் நேரம் வருமா?

வான்காரன்:

வராது. மத்தியானப் பூசைக்குப் பிறகு நடை சாத்தியிருக்கும். கோயில் வேணும் என்றால் இறங்கின கையோடு முதலில் கோயில், கோட்டை வாசலால் மேலே வரைக்கும் ஏற்றம், மாமி நடக்காமல் ஓட்டோவில் போகட்டும். 10.15க்குக் கீழே இறங்கினால் 10.30க்கு உப்புவெளி. மாபிள் பீச் என்று முடிவானால் கோயிலை விடவேணும், சனிக்கிழமை பதினொரு மணிக்கு அங்கே போறதில் பிரயோசனம் இல்லை. சிவராத்திரி எப்ப என்றும் பஞ்சாங்கத்தைப் பாருங்கோ. அதை ஒட்டிக் கோணேசர் நகர்வலம் வாற நாட்களில் நகரத்துக்குள்ளே றோட்டு மறிப்பினம்.