கிளாக் ரெஜிஸ்டரைப் படித்தாலே போர்டு உறைகிறது – பேட்ச் ரிவியூவில் உதவி தேவை

கிளாக் ரெஜிஸ்டர்களை (சிப்பின் கடிகாரத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் ஹார்டுவேர் பதிவேடுகள்) டீபக்எஃப்எஸ் (கர்னலின் உள்நிலையைக் கோப்புகளாகக் காட்டும் வசதி) வழியாகக் காட்டும் ஒரு கர்னல் பேட்சை மூன்று நாளாக ரிவியூ செய்கிறேன். ஆர்ம்64 போர்டு, லினக்ஸ் 6.6. டிஸ்ப்ளே அணைந்திருக்கும்போது அந்தக் கோப்பைப் படித்தால் போர்டு அப்படியே உறைந்துவிடுகிறது. சீரியல் கன்சோலில் ஒரு வரிகூட வருவதில்லை.

கிளாக்குகளின் நிலையைப் பட்டியலிடும் கிளாக்_சம்மரி கோப்பு ஒழுங்காக வருகிறது. ஆனால் அது பெரும்பாலும் கர்னல் நினைவில் வைத்திருக்கும் மதிப்புதான், ஹார்டுவேரின் உண்மை நிலை அல்ல. சாதனம் தூங்காமலிருக்க அதன் பவர்/கன்ட்ரோல் கோப்பில் 'ஆன்' எழுதினால் உறைவதில்லை. ஆக, பஸ் கிளாக் (ரெஜிஸ்டரை அணுகும் பாதைக்கான கிளாக்) அணைந்த நிலையில் ரெஜிஸ்டரைத் தொடுவதுதான் சிக்கல்.

அப்புறம், படிப்பதற்கு முன், சாதனத்தை எழுப்பும் பிஎம்_ரன்டைம்_ரெஸ்யூம்_அண்ட்_கெட் என்ற கர்னல் ஃபங்ஷனைச் சேர்த்துப் பார்த்தேன். உறைவது நின்றது. ஆனால் படிப்பதே கிளாக்கை எழுப்பிவிடுகிறது. அது தூங்குகிறதா என்று பார்க்கத்தான் இந்த வசதியே!

எழுப்பிப் படிப்பதா, பிஎம்_ரன்டைம்_கெட்_இஃப்_ஆக்டிவ் (சாதனம் விழித்திருந்தால் மட்டும் அதைப் பிடித்துவைக்கும், எழுப்பாது) வைத்து, தூங்கும்போது பிழைக் குறியீடு திருப்பச் சொல்வதா, எது சரி?