ஜிஆர்86: 19 அங்குல ரிம் மாட்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது, பேசாமல் 17க்கு இறங்கலாமா?

ரவாங்வாசி:

வணக்கம். என்னுடையது டொயோட்டா ஜிஆர்86, மேனுவல் கியர். காரோடு வந்த ரிம் 18×7.5 (விட்டம்×அகலம், அங்குலத்தில்), ஈடி 48 (ரிம்மின் நடுக்கோடு, அது காரில் பதியும் முகத்தில் இருந்து எத்தனை மி.மீ. உள்ளே என்பது). டயர் 215/40 ஆர்18 (அகலம் 215 மி.மீ., பக்கச்சுவர் அதில் 40 சதவீதம்). ரவாங்கில் இருந்து கோலாலம்பூருக்கு தினமும் வேலைக்கு இதில்தான் போகிறேன். ஞாயிறு காலையில் உலு யாம் பக்கம் மலைப்பாதை, எப்போதாவது செப்பாங் பந்தயத் தளத்தில் டிராக் டே.

தெரிந்த ஒருவர் 19 அங்குல ஸ்போர்ட் ரிம் ஒரு செட் தருகிறார். 19×8.5, ஈடி 35, 5×100 (100 மி.மீ. வட்டத்தில் ஐந்து நட்டு), நடு ஓட்டை 73.1 மி.மீ. கூடவே பாதி தேய்ந்த 225/35 ஆர்19 டயர். விலை மலிவு, பார்க்கவும் அம்சமாக இருக்கிறது. மாட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் காசு கொடு என்றார், மாட்டினேன். 80 வரை ஒன்றும் இல்லை. 90ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்குகிறது, 110இல் சீட்டுக்கும் வந்துவிடுகிறது. டயர் கடையில் நான்கையும் பாலன்ஸ் போட்டார்கள். மெஷினில் எல்லாம் பூஜ்யம் காட்டுகிறது, காரில் மாட்டினால் அதே நடுக்கம். போதாததற்கு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்பக்கம் எதிலோ உரசுகிறது.

ரிம் கோணலா? இல்லை, இந்தக் காருக்கு 19 சரிப்படாதா?

டயர்க்கடைக்காரன்:

தம்பி, ரிம்மைக் குறை சொல்லும் முன் நடு ஓட்டையைப் பாருங்கள். உங்கள் காரின் ஹப் (சக்கரம் மாட்டும் மையம்) 56.1 மி.மீ., அந்த ரிம்மின் ஓட்டை 73.1. சுற்றிலும் 8.5 மி.மீ. சும்மா கிடக்கிறது. அந்த இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் போட்டார்களா? கேட்டால் பல கடைகளில் "அது தேவையில்லை பாஸ்" என்பார்கள்.

மெஷின் ஏன் பூஜ்யம் காட்டுகிறது என்றால், அது ரிம்மை அதன் சொந்த நடு ஓட்டையில் கூம்பு வைத்துப் பிடிக்கிறது. அங்கே சக்கரம் சரியான மையத்தில்தான் சுற்றும். காரில் ரிங் இல்லாமல் மாட்டும்போது மையம் பிடிக்கும் வேலை முழுக்க நட்டுகளின் தலையில் விழுகிறது. சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே நட்டு முடுக்கும் கன் வைத்து இறுக்கினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடும். அதுதான் 90க்கு மேல் நடுக்கமாகத் தெரிகிறது. வெளியே 73.1, உள்ளே 56.1 என்று கேட்டு நான்கு ரிங் வாங்குங்கள். செப்பாங் போகிற ஆள் என்றால் பிளாஸ்டிக் வேண்டாம், அலுமினியம் வாங்குங்கள். நேர்ச்சாலை முடிவில் பிரேக் அடித்து அடித்து ஹப் சூடேறினால் மலிவான பிளாஸ்டிக் ரிங் இளகிவிடும்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பயம். நட்டு எங்கே வாங்கினீர்கள்? காரின் முகத்தில் டொயோட்டா என்று இருந்தாலும் ஸ்டட் (நட்டு ஏறும் மரை ஆணி) இதைச் சேர்ந்து உருவாக்கிய சுபாருவின் வழக்கப்படி 12×1.25. சாதாரண டொயோட்டா நட்டு 12×1.5. முதல் சுற்று ஏறுவது போல ஏறும், அப்புறம் பிடிக்கும். அந்த இடத்தில் கன்னை அழுத்தினால் ஸ்டட்டின் மரை போச்சு. சரியான நட்டு விரல் நுனியாலேயே கடைசிவரை ஓடும். சக்கரம் தூக்கிய நிலையில் இருக்கும்போதே கையால் எல்லாவற்றையும் போட்டு, குறுக்கு மறுக்காக இறுக்கி, இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர். நூறு கி.மீ. ஓடிய பின் ஒருமுறை திரும்பப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:

உரசல் கணக்கில் தெரிகிறது. ரிம் அகலத்தில் பாதியில் இருந்து ஈடியைக் கழித்தால், ஹப்பின் முகத்தில் இருந்து ரிம் எவ்வளவு வெளியே வருகிறது என்று கிடைக்கும். உங்கள் பழைய ரிம்: 7.5 அங்குலம் என்பது 190.5 மி.மீ., பாதி 95.25, கழித்தல் 48, மிச்சம் 47.25. புதியது: 107.95 கழித்தல் 35, மிச்சம் 72.95. அதாவது 25.7 மி.மீ. வெளியே தள்ளி நிற்கிறது. உட்பக்கம் கிட்டத்தட்ட மாற்றமே இல்லை. ஒரு அங்குல அகலம் கூட்டி, அத்தனையையும் வெளியே தள்ளியிருக்கிறார்கள்.

பின்னால் உரசுவதற்கு இது போதும். முன்னால் இன்னொரு விளைவு உண்டு: சக்கரத்தின் நடுக்கோடு 13 மி.மீ. வெளியே போனதால், லாரி ஓடிப் பள்ளமான தடத்தில் ஸ்டீயரிங் தானாக இழுக்கும். அதை நடுக்கத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், ரிங் போட்டாலும் அது போகாது. டயர் பாடிக்கு வெளியே துருத்தினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) சோதனையில் வம்பு.

மொத்த விட்டம்: 215/40 ஆர்18க்கு 629 மி.மீ., 225/35 ஆர்19க்கு 640. 1.7 சதவீதம்தான் கூடுதல். ஸ்பீடோமீட்டருக்குப் பெரிய பாதகம் இல்லை. ஆனால் டயரின் பக்கச்சுவர் 86இல் இருந்து 79 மி.மீ. ஆகிறது. மழை நாளில் தண்ணீர் நிறைந்த குழி எவ்வளவு ஆழம் என்று அந்த 79 மி.மீ. சொல்லித் தரும்.

கறுப்புக்_காப்பி:

எல்லாரும் ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். 19 போட்டால் கார் நிற்கிற அழகே தனி. வார இறுதியில் மாமாக் கடை வாசலில் நிறுத்தத்தானே வாங்குகிறோம். ரிங் போட்டு ஓட்டுங்கள், பாஸ்.

செப்பாங்_அக்கா:

நிறுத்துவதற்கு என்றால் சரி. தம்பி தினமும் ஓட்டுகிறார், டிராக்குக்கும் போகிறார். அவருக்கு என் பதில் 17.

இறங்குவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்க வேண்டாம். 2012இல் வந்த முதல் 86 பல நாடுகளில் 17×7 ரிம்மில், 215/45 ஆர்17 மிஷலின் பிரைமசி டயரோடுதான் விற்றது. ஸ்போர்ட்ஸ் காருக்கு அத்தனை சாதுவான டயரா என்று கேலி செய்தார்கள். குறைந்த வேகத்திலேயே வால் வழுக்கிக்கொடுத்து ஓட்டுபவருக்கு விளையாட்டுக் காட்ட வேண்டும் என்றுதான் டொயோட்டா அப்படிக் கொடுத்தது. இன்றைய ஜிஆர்86க்கும் சில நாடுகளின் அடிப்படை மாடலில் 17 உண்டு.

இந்தக் காருக்கு விட்டத்தைவிட அகலமும் எடையும்தான் முக்கியம். அந்த 19ஐயும் உங்கள் பழைய 18ஐயும் டயரோடு வீட்டு எடை மெஷினில் ஏற்றிப் பாருங்கள். கூடுகிற ஒவ்வொரு கிலோவும் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற எடை. அதுவும் ஓரத்தில் சுற்றுகிற எடை. எஞ்சின் அதைச் சுழற்ற வேண்டும், பிரேக் அதை நிறுத்த வேண்டும், டேம்பர் அதை அடக்க வேண்டும். 2.4 லிட்டர், 237 குதிரைத்திறன் உள்ள காரில் அது காலிலேயே தெரியும்.

நான் சொல்வது 17×8, ஈடி 45 பக்கம், 225/45 ஆர்17. வெளியே 9 மி.மீ., உள்ளே 3 மி.மீ. மட்டுமே கூடும். விட்டம் 634, பக்கச்சுவர் 101. 17×9, ஈடி 45இல் 245/40 போடுபவர்கள் நிறைய. டிராக் நேரம் மட்டுமே குறி என்றால் அது நல்ல செட்டப். ஆனால் உட்பக்கம் 16 மி.மீ. கூடுவதால் முன் ஸ்டிரட்டுக்கும் (சஸ்பென்ஷன் தண்டு) டயருக்கும் இடைவெளி பார்க்க வேண்டும். தவிர, அவ்வளவு பிடி வந்தால் மலைப்பாதையில் இந்தக் கார் சப்பென்று ஆகிவிடும் என்பது என் எண்ணம். பெரிய பிரேக் மாற்றியிருந்தால் மட்டும் எல்லா 17ம் பிரேக் காலிப்பரைத் தாண்டாது, முதலில் ஒன்றை மாட்டிக் கையால் சுற்றிப் பாருங்கள்.

ரவாங்வாசி:

அக்கா, அண்ணன்மாரே, நன்றி. அலுமினிய ரிங் கிடைத்தது. நட்டு விரலாலேயே ஓடுகிறது, நல்லவேளை 1.25தான். 110இல் நடுக்கம் சுத்தமாக இல்லை. உரசலும் தடத்தில் இழுப்பதும் அப்படியேதான். எடையும் போட்டேன், 19 கனம்தான். திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன்.

இப்போது கிள்ளானில் ஒரு பழைய செட் பார்த்திருக்கிறேன். 17×8, ஆனால் ஈடி 35. டயர் இல்லை, வெறும் ரிம். எடுக்கலாமா?

கணக்குப்பிள்ளை:

101.6 கழித்தல் 35, 66.6. பழையதைவிட 19 மி.மீ. வெளியே. 225 டயரில் பாடிக்குள் அடங்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஈடி 35 என்பதால் தடத்தில் இழுப்பது இந்த 19இல் இருந்த அளவுக்கே இருக்கும். ஈடி 45 கிடைக்கும்வரை பொறுத்தால் நல்லது.

டயர்க்கடைக்காரன்:

அவசரம் என்றால் எடுங்கள், காசு கொடுக்கும் முன் இரண்டு வேலை. ரிம்மில் ஜேடபிள்யூஎல், விஐஏ (ஜப்பானியத் தரச்சான்று) முத்திரை வார்ப்பில் இருக்கிறதா பாருங்கள், ஸ்டிக்கர் கணக்கில் சேராது. அப்புறம் டயர் இல்லாமல் வெறும் ரிம்மை பாலன்ஸ் மெஷினில் சுற்றச் சொல்லி, உள்விளிம்பைப் பாருங்கள். குழியில் அடிபட்ட ரிம் வெளியே பளபளவென்று இருக்கும், உள்விளிம்பு மேலும் கீழும் ஆடும். வெல்டிங் வைத்த தழும்பு தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். டயர் தனியாக வாங்கும்போது அதன் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 1225 என்றால் 2025ஆம் ஆண்டின் 12ஆம் வாரம் தயாரானது. லோட் இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடைக்கான எண்) 85க்குக் கீழே போக வேண்டாம்.