மூணாவது தடவையா சுவரை உடைச்சாச்சு: ஒட்டுப் போடுறதா, பைப்பை மொத்தமா மாத்துறதா?

கேள்வி

வீட்டுக்கு வயசு 38. அப்பா கட்டினது. பச்சைத்தண்ணி, சுடுதண்ணி ரெண்டுக்கும் சுவருக்குள்ளேயே ஜிஐ பைப்தான், அதாவது துத்தநாகம் பூசின இரும்பு பைப். ஒன்றரை வருஷத்துல இது மூணாவது ஒழுகல்.

முதல் தடவை குளியலறையில ஒரு எல்போ, பைப் திரும்புற இடத்து வளைவு ஜாயின்ட். ரெண்டு டைல்ஸ் உடைச்சு மாத்தினோம். நாலு மாசத்துல அதே பைப், ஒரு முழம் தள்ளி. இப்போ அந்தச் சுவருக்கு மறுபக்கம், படுக்கையறையில். அலமாரியை நகர்த்தினப்பதான் தெரிஞ்சது, இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறியிருக்கு. கீழ்த்தட்டுல இருந்த கல்யாண ஆல்பம் பக்கத்தோட பக்கம் ஒட்டி செங்கல் மாதிரி ஆயிடுச்சு. வீட்டுக்காரி ரெண்டு நாளா அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. திட்டியிருந்தா தேவலை.

காலையில குழாயைத் திறந்தா அரை நிமிஷம் பழுப்புத் தண்ணி வருது. ஷவர்ல நிக்கும்போது யாராவது சமையலறைக் குழாயைத் திறந்தா, தலையில சோப்போட காத்திருக்க வேண்டியதுதான். பிளம்பர் "மொத்தமா மாத்திடுங்க சார்"ங்கறார். என் தம்பி "அவர் வேலை பிடிக்கப் பார்க்கிறார், ஒழுகுற இடத்தை மட்டும் பாரு"ங்கறான். யார் சொல்றதைக் கேக்கறது? மாத்தினா எந்த பைப்?

பதில் 1

27 வருஷம் கட்டட வேலையில தண்ணி லைன் பார்த்தவன். முதல்ல ஒண்ணு சொல்லுங்க தம்பி: போன தடவை வெட்டி எடுத்த பைப் துண்டு எங்கே? தூக்கிப் போடலைன்னா அதுக்குள்ள ஒரு பென்சிலை விட்டுப் பாருங்க. அரை இஞ்ச் பைப்போட உள்வாய் கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர். பென்சில் தாராளமா போகணும். போகலைன்னா துருவும் உப்பும் உள்ளே அடைச்சிருக்குன்னு அர்த்தம். பழுப்புத் தண்ணி, சோப்போட நிக்கறது எல்லாம் அதோட கணக்குதான்.

இடம் மாறி மாறி ஏன் ஒழுகுது? ஜிஐ பைப்பைக் காப்பாத்துறது துத்தநாகப் பூச்சு. மரை வெட்டின இடத்துல பூச்சு போயிடும், கனமும் போயிடும். 2.6 மில்லிமீட்டர் கனமுள்ள பைப்புல ஒரு மில்லிமீட்டருக்கு மேல மரையே தின்னுடும். அதனால ஜாயின்ட்டுகள்தான் முதல்ல ஓட்டையாகும். ஒரு எல்போவைக் கழட்ட ரெஞ்ச் போட்டுத் திருகினா, சுவருக்குள்ள அடுத்த ஜாயின்ட்டும் சேர்ந்து அசையும். இன்னிக்குப் போட்ட ஒட்டு நாலு மாசம் கழிச்சு பக்கத்துல ஒழுகறது அப்படித்தான். உங்க பிளம்பர் பொய் சொல்லலை.

ஆனா ஒரு சந்தேகம். மூணாவது ஒழுகல் பைப்தானா? குளிச்ச பிறகு மட்டும் ஓதம் கூடுதுன்னா குற்றவாளி தரை டிராப் (தரையில தண்ணி வடியுற வாய்) அல்லது டைல்ஸ் இடுக்கு. புது பைப் போட்டாலும் அது நிக்காது. தொட்டியில தண்ணி மட்டத்துக்குக் கோடு போட்டு, குறையுதான்னு பார்க்கிறதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. நொடிக்கு ஒரு சொட்டு போனா நாளைக்கு 4 லிட்டர் சொச்சம்தான், தொட்டியில கண்ணுக்கே தெரியாது. அந்த லைனோட வால்வை மூடி, குளியலறையில வழக்கம்போல வாளித் தண்ணியில குளிச்சுப் பாருங்க. சில நாள்ல ஓதம் பின்வாங்கினா லைன்தான்.

மாத்துறதுன்னா சிபிவிசி போடலாம், சுடுதண்ணிக்கும் ஆகுற பிளாஸ்டிக் பைப், 93 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். யுபிவிசிங்கற வெள்ளை பிளாஸ்டிக் பைப் பச்சைத்தண்ணிக்குத்தான், அதை சுடுதண்ணிக்குப் போட விடாதீங்க. வெயில் படுற இடத்துல பைப் மேல பெயின்ட் அடிக்கணும். முக்கியமா, பழைய பைப்பைத் தேடித் தேடி சுவரை உடைக்க வேண்டாம். தண்ணியை வடிச்சு, முனையை மூடி, அதை அங்கேயே கிடக்க விடுங்க. புது லைன் வேற வழியில வரட்டும். ஒவ்வொரு குளியலறைக்கும் தனி பால் வால்வு வைங்க, கைப்பிடியைக் கால் சுத்து திருப்பினாலே மூடிக்கும். பல சுத்து திருகி மூடுற பழைய கேட் வால்வு அவசரத்துக்குத் திரும்பாது.

புது பைப் ஜாயின்ட்டுகளை ஒட்டின பிறகு ஒரு நாள் விட்டு, பம்ப் வச்சு, லைன்ல வழக்கமா இருக்கிற தண்ணி அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு டெஸ்ட் பண்ணணும். அது முடியாம ஒரு கரண்டி சிமென்ட்கூட பூச விடாதீங்க. பூசறதுக்கு முன்னாடி சுவர்ல அளக்குற டேப்பை வச்சு பைப் போற வழியை போட்டோ எடுத்துக்கோங்க. பின்னாடி ஆணி அடிக்கிறவனுக்கு உதவும்.

பதில் 2

மின் வேலை செய்பவன். மேலே யாரும் சொல்லாத ஒன்று. பழைய வீடுகளில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கிளாம்ப் போட்டுக் கட்டியிருப்பார்கள். இரும்பை எடுத்துப் பிளாஸ்டிக் போட்ட அன்றே அந்த எர்த் அறுந்துவிடும். விளக்கும் எரியும், கீசரும் சுடும், அதனால் யாருக்கும் தெரியாது. பைப்பை வெட்டுவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள். கசியும் மின்சாரம் அந்தக் குழாய் வழியாகப் போய்க்கொண்டிருந்தால், வெட்டுகிறவர் இரண்டு முனைகளையும் தொடும்போது ஷாக் அடிக்கும்.

பதில் 3

நாங்க பாதிதான் மாத்தினோம், சுடுதண்ணி லைன் மட்டும். கையில காசு அவ்வளவுதான் இருந்துச்சு, வருத்தமில்லை. ரெண்டு விஷயம் மட்டும் யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம். பழைய ஜிஐயும் புது பைப்பும் சேருற இடத்துல பித்தளை மரை வச்ச அடாப்டர்தான் (ரெண்டையும் இணைக்கிற துண்டு) போடணும். எங்களுக்குப் பிளாஸ்டிக் மரையைப் போட்டு இறுக்கினாங்க, மறுவாரமே விரிசல். அப்புறம், தட்டிக்கொட்டினதுல பழைய பைப்புல உதிர்ந்த துரு முழுக்க ஷவர் ஓட்டைகள்ல வந்து உட்கார்ந்துச்சு. வேலை முடிஞ்சதும் ஷவர், குழாய் வலைகளைக் கழட்டி வச்சிட்டுத் தண்ணியைத் திறந்து விடுங்க.

ஒரு நேரத்துல ஒரு குளியலறைன்னு செஞ்சா வீட்டைக் காலி பண்ண வேண்டியதில்லை. ஆல்பத்தைப் பிரிக்க முயற்சி பண்ணாதீங்க, போட்டோ ஸ்டூடியோவுல ஃபைல் இருக்கான்னு முதல்ல கேளுங்க.

கேட்டவர்

ஃபைல் எங்கே இருக்கப் போகுது, ஃபிலிம் காலத்துக் கல்யாணம். ஆனா நெகட்டிவ் கவர் மேல்தட்டுல பத்திரமா இருந்துச்சு. வீட்டுக்காரி பேச ஆரம்பிச்சுட்டா.

துண்டு மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. பென்சில் பாதியில நின்னுடுச்சு. தம்பிகிட்ட கொடுத்தேன், அவனும் விட்டுப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை. வால்வை மூடி ஆறு நாள் ஆச்சு, ஓதத்தோட விளிம்பு நாலு விரல் இறங்கியிருக்கு. எர்த் விஷயம் சொன்ன சார், உங்களுக்குக் கும்பிடு. மீட்டர் பெட்டியிலேர்ந்து வர்ற கம்பி நேரா பைப்புக்குத்தான் போகுது. அதைச் சரிபண்ணிட்டுத்தான் மத்தது.

கடைசியா ஒரு கேள்வி: அந்தச் சுவருக்கு எப்போ பெயின்ட் அடிக்கலாம்?

பதில் 1

நாள் கணக்கு கிடையாது தம்பி. ரெண்டு சாண் சதுரத்துக்கு பிளாஸ்டிக் ஷீட்டை சுவர்ல வச்சு, நாலு ஓரமும் காத்துப் போகாம டேப் ஒட்டுங்க. ஒரு நாள் கழிச்சு உரிங்க. உள்பக்கம் வேர்த்திருந்தா இன்னும் காயலை. அலமாரியையும் அதுவரைக்கும் அங்கே தள்ளாதீங்க.