வான்கூவர் சால்மன் ராடும் சிங்கிள் ஆக்‌ஷன் ரீலும்: நம்ம ஊர் வஞ்சிரத்துக்கு ஆகுமா?

வீராம்பட்டினம்_ஃபைபர்:

வணக்கம். மச்சான் வான்கூவரிலிருந்து வந்தபோது தன் சால்மன் செட்டை இங்கேயே விட்டுப் போயிருக்கிறார். 10½ அடி ராடு, 15–30 பவுண்டு லைனுக்கு. ரொம்ப மெதுவாக, அதாவது நுனி மட்டுமில்லாமல் அடிவரை வளைகிறது. ரீல் சிங்கிள் ஆக்‌ஷன், கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் ஸ்பூலும் ஒரே சுற்று. கூடவே கையால் சுற்றும் டவுன்ரிக்கர் (குண்டைக் கம்பியில் இறக்கி இரையை ஆழத்தில் நிறுத்தும் கருவி), 10 பவுண்டு ஈயக்குண்டு, லைனைக் குண்டோடு பிடித்திருந்து மீன் இழுத்ததும் விட்டுவிடும் கிளிப் இரண்டு.

படகு 28 அடி ஃபைபர், லாங்டெயில் டீசல் எஞ்சின். 12 முதல் 20 பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய 1.8 மீட்டர்) வரைக்கும் பார் (கடலடிப் பாறை) ஓரமாக மத்தி, கானாங்கெளுத்தி கட்டி மெதுவாக இழுத்து வஞ்சிரம் பிடிக்க வேண்டும். இந்த ராடு, ரீல் போதுமா? இரண்டில் ஒன்றைத்தான் இப்போது வாங்க முடியும். எதை மாற்றலாம்?

ரீல்_மெக்கானிக்:

ராடை வைத்துக்கொள்ளுங்கள், ரீலை மாற்றுங்கள்.

டவுன்ரிக்கருக்கு மெதுவாக வளையும் ராடுதான் சரி. குண்டு கீழே போனபின் லைனை இறுக்கிச் சுற்றினால் ராடு நன்றாகக் குனிந்து நிற்க வேண்டும். மீன் இழுத்து கிளிப் விட்டதும் அந்த வளைவு நிமிர்ந்து, கிளிப்புக்கும் மீனுக்கும் நடுவில் இருந்த தொய்வைத் தானே இழுத்துக்கொள்ளும். நுனி மட்டும் வளைகிற விறைப்பான ராடில் அது நடக்காது. இறுக்கினால் மீன் இல்லாமலே கிளிப் விட்டுவிடும், தளர்த்தினால் கடித்த மீன் தூண்டில் முள்ளை உதறிவிடும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் சால்மனுக்கு எதிர்முள் (மீன் கழலாமல் தடுக்கும் பின்கொக்கி) இல்லாத தூண்டில்தான் சட்டம். லைன் ஒரு நொடி தொய்ந்தாலும் மீன் போய்விடும் என்பதால் அங்கே 10½ அடி ராடுக்கு மவுசு. நமக்கு 8 அடி கைக்கு வசதி. நீள ராடில் மீனைப் படகோரம் கொண்டுவர நீங்கள் பின்னால் நகர வேண்டியிருக்கும், ஐஸ் பெட்டியும் வலையும் கிடக்கிற ஃபைபரில் அதற்கு ஏது இடம்? காஃப் கொக்கி போட இன்னொரு ஆள் இருந்தால் சமாளிக்கலாம்.

ரீல் விஷயம் வேறு. ஸ்பூலில் லைன் 10 செ.மீ. விட்டத்துக்கு நிறைந்திருந்தால் ஒரு சுற்றுக்கு 31 செ.மீ. வரும். மீன் லைனை இழுத்துப்போய் ஸ்பூல் மெலிந்தால் அதுவும் குறையும். வஞ்சிரம் முதல் ஓட்டத்தில் நூறு மீட்டர் இழுத்துவிட்டுச் சட்டென்று படகை நோக்கித் திரும்பும் மீன். சுற்றுக்கு 31 செ.மீ. என்றால் அந்தத் தொய்வை எடுக்கவே முடியாது. போதாததற்கு, மீன் ஓடும்போது கைப்பிடியும் சேர்ந்து சுழலும், விரல் முட்டி பத்திரம்.

வாங்க வேண்டியது: 5:1 அளவில் கியர் (கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஐந்து சுற்று), லெவல்வைண்ட் (லைனைச் சீராகப் பரப்பிச் சுற்றும் அமைப்பு), கிளிக்கர் (லைன் போனால் சத்தம் கொடுப்பது), கார்பன் டிராக் (லைன் போவதைக் கட்டுப்படுத்தும் பிரேக்) வாஷர், 30 பவுண்டு மோனோ (ஒற்றை இழை நைலான் லைன்) 300 மீட்டர் கொள்ளும் ஸ்பூல். ஒரு சுற்றுக்கு 60 செ.மீ.க்கு மேல் வர வேண்டும்.  லைன் கவுன்ட்டர் (எத்தனை லைன் போனது என்று காட்டுவது) இருந்தால் நல்லதுதான், ஆனால் ஸ்பூலில் கம்பெனி சொன்ன தடிமன் லைன் சொன்ன அளவு நிறைந்திருந்தால்தான் அது சரியாகக் காட்டும். நன்னீர் ஏரிக்குச் செய்த மலிவு கவுன்ட்டர் ரீல் நம் உப்பில் தாங்காது, முதலில் போவது அந்த எண் சக்கரம்தான்.

வாங்குமுன் ராடில் ரீல் சீட்டுக்குக் கீழே எத்தனை அங்குலம் கைப்பிடி இருக்கிறது என்று அளந்துவிடுங்கள். ஹோல்டருக்குள் முழுதாக இறங்கவில்லை என்றால் மீன் அடிக்கும்போது ராடே கடலுக்குப் போய்விடும்.

தாழங்குடா_தூண்டில்:

மேலே சொன்னது சரி. படகைப் பற்றி நான் சொல்கிறேன்.

லாங்டெயில்னா டவுன்ரிக்கரைப் பின்பக்கம் மாட்டவே கூடாது. விசிறி படகுக்கு ரொம்பப் பின்னால தண்ணியில இருக்கும், குண்டு தூக்கும்போது கம்பி அதுல சுத்தினா முடிஞ்சது. நடுப்படகுக்குக் கொஞ்சம் பின்னால, பக்கவாட்டுல, ஒரு கனமான பலகையை விளிம்போட போல்ட் போட்டு அதுமேல மாட்டுங்க. வெறும் ஃபைபர் விளிம்புல கிளாம்ப் போட்டா விரிசல் விடும். கம்பி இருக்கிற பக்கம் சட்டுனு திருப்பாதீங்க.

வேகம் 2 நாட். லாங்டெயில் அதுக்கும் மேல போச்சுன்னா பழைய பக்கெட் ஒண்ணைக் கயிறு கட்டி இழுங்க, குறையும். 10 பவுண்டு குண்டு 4 நாட்டுல பின்னால பறக்கும். 30 மீட்டர் கம்பி விட்டு அது 30 டிகிரி சாஞ்சிருந்தா குண்டு இருக்கிறது ஏறக்குறைய 26 மீட்டர்ல. 45 டிகிரின்னா 21தான். டவுன்ரிக்கர் கவுன்ட்டர் 30னே காட்டிட்டு இருக்கும், நம்பிடாதீங்க. 20 பாகத்துக்கு 12 பவுண்டு குண்டு நல்லது.

வழிவலை மிதப்பு கண்ணுல பட்டா உடனே குண்டை மேல ஏத்திடுங்க. அடுத்தவர் வலையைக் கிழிச்சுட்டு ஊருக்குள்ள நிக்க முடியாது. கம்பிக்கும் குண்டுக்கும் நடுவுல ஒரு முழம் 100 பவுண்டு தங்கூஸ் (நைலான் நரம்பு) கட்டுங்க. பாருல சிக்கினா அது அறுந்து குண்டு மட்டும் போகும், டவுன்ரிக்கர் தப்பிக்கும். முகத்துவாரம் தாண்டும்போது குண்டு படகுத் தளத்துல, ராடு படுத்திருக்கணும்.

வீராம்பட்டினம்_ஃபைபர்:

ரெண்டு பேருக்கும் நன்றி. ரீலை மாற்றிவிடுகிறேன். வீட்டில் 50 பவுண்டு பிரெய்டு (பின்னிய லைன்) கிடக்கிறது, அதையே ஏற்றலாமா? முள்ளுக்கு முன்னால் கட்டும் லீடர் எப்படி? கிளிப்பை எவ்வளவு இறுக்க வேண்டும்?

ரீல்_மெக்கானிக்:

பிரெய்டு வேண்டாம். கிளிப்பின் ரப்பர் பிடியில் அது வழுக்கும், இல்லாவிட்டால் ரப்பரையே அறுக்கும். நீட்சியும் கிடையாது, அதனால் கிட்டத்தில் மீன் தலையை ஆட்டினால் முள் கிழித்துக்கொண்டு வரும். பிரெய்டு மேல் 60 மீட்டர் மோனோ கட்டுகிறவர்களும் உண்டு, ஆனால் அந்த முடிச்சு லெவல்வைண்டின் சின்னக் கண்ணில் ஒவ்வொரு முறையும் இடிக்கும். 300 மீட்டரும் மோனோவாகவே போடுங்கள்.

லீடர்: வஞ்சிரத்தின் பல்லுக்கு ஒற்றைக் கம்பி, 6 அல்லது 7-ம் நம்பர், 50 செ.மீ. போதும். முடிச்சு போடக்கூடாது, ஹேவயர் முறுக்கு என்ற கம்பி முறுக்குதான். இரண்டு கம்பியும் எக்ஸ் மாதிரி ஒன்றையொன்று சமமாகச் சுற்ற வேண்டும், 5–6 முறுக்கு. ஒன்று நேராக நின்று மற்றது மட்டும் அதைச் சுற்றினால் இழுவையில் உருவிக்கொள்ளும். அதன்பின் நெருக்கமாக 5 சுற்று. மீதிக் கம்பியைக் கட்டரால் வெட்டாதீர்கள், கையைக் கிழிக்கும் முனை நிற்கும். சின்னக் கைப்பிடி போல மடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் சுத்தமாக ஒடிந்துவிடும். முன்முள் மத்தியின் மூக்கில், அதிலிருந்து இன்னொரு துண்டுக் கம்பியில் சின்ன ட்ரெபிள் (மூன்று கொக்கி முள்) முதுகுப் பக்கம். வஞ்சிரம் வாலைத்தான் முதலில் வெட்டும், பின்முள் இல்லாவிட்டால் பாதி மத்திதான் திரும்பி வரும். லைனையும் லீடரையும் இணைக்கும் ஸ்விவல் (சுழலும் வளையம்) கறுப்பாக, சின்னதாக இருக்கட்டும். பளபளப்பானதை இன்னொரு வஞ்சிரம் கடித்து லைனையே அறுத்துவிடும்.

டிராக்: சின்ன ட்ரெபிள் என்றால் 2 கிலோ, அதற்கு மேல் வேண்டாம். சுருள் தராசை லைனில் மாட்டி இழுத்துப் பார்த்து வையுங்கள், விரலால் குத்துமதிப்பு பார்ப்பது சரிவராது.

கிளிப்: இரையை 12 மீட்டர் பின்னால் விட்டு, நேராக நீந்துகிறதா பாருங்கள். சுழன்றால் லைன் முறுக்கேறும், முள்ளை மாற்றிக் குத்துங்கள். பிறகு லைனைக் கிளிப்பில் மாட்டி, ரீலைத் தளர்த்தி விட்டு, ஸ்பூலில் கட்டைவிரல் வைத்துக்கொண்டே குண்டை மெதுவாக இறக்குங்கள். ஆழம் வந்ததும் டிராக் போட்டு ராடு நன்றாகக் குனியும்வரை சுற்றுங்கள். அந்த இழுப்பிலேயே கிளிப் விட்டால் பிடி போதாது, லைனைக் கிளிப்பில் இன்னும் உள்ளே தள்ளி மாட்டுங்கள். கையால் வெடுக்கென்று இழுத்தும் விடவில்லை என்றால் ரொம்ப இறுக்கம், சின்னச் சீலா கடித்தால் தெரியாமல் பின்னால் இழுபட்டுக்கொண்டே வரும்.

கடலூர்_முதுநகர்:

கிளிப் ரப்பர் தேய்ந்தால் சாதா ரப்பர் பேண்டு போதும். லைனில் சுருக்குப் போட்டு, மறுமுனையைக் குண்டின் கொக்கியில் மாட்டிவிட்டால் மீன் அடித்ததும் அறுந்துவிடும். வெயிலில் கிடந்த பழைய பேண்டு வேண்டாம், குண்டு இறங்கும்போதே அறுந்துபோகும்.

ஒரு மாற்றுக் கருத்து: 10 பாகத்துக்குள் விடியற்காலையில் மேலேயே மீன் மேய்ந்தால் டவுன்ரிக்கர் இறக்குவது வீண் வேலை. ஆழம் போகும் ரபாலா (மீன் வடிவச் செயற்கை இரை) ஒன்றை 5 நாட்டில் இழுங்கள். வெயில் ஏறி மீன் கீழே போனபின் குண்டை எடுங்கள்.

மீன் அடித்ததும் ராடு முதலில் நிமிரும், அப்புறம்தான் குனியும். நிமிர்ந்த உடனே எடுத்துச் சுற்றுங்கள், வெட்டி இழுக்காதீர்கள். அடுத்த ஆள் குண்டை மேலே ஏற்றட்டும். மீன் குறுக்கே ஓடிக் கம்பியில் லைன் உரசினால் 30 பவுண்டு மோனோ ஒரு நொடி தாங்காது.

வீராம்பட்டினம்_ஃபைபர்:

பலகை அடிக்க ஆள் சொல்லிவிட்டேன். சால்மன் செட்டோடு வந்த பிளாஷர் தகடுகள் இரண்டு இருக்கின்றன, அவற்றை என்ன செய்வது?

ரீல்_மெக்கானிக்:

ராடு லைனில் கட்டாதீர்கள், வஞ்சிரம் தகட்டை அடித்துவிட்டு இரையை விட்டுவிடும். குண்டிலேயே 2 மீட்டர் கயிற்றில் கட்டி இழுங்கள், மினுக்கத்துக்கு மீன் கிட்ட வரும், லைன் தனியாக இருக்கும். படகு திரும்பும்போது மட்டும் கவனம், தகடு தொய்ந்து லைனோடு பின்னிக்கொள்ளும்.