புதுப்பிப்பு: டெபியன் கணினிகள் ஏன் அடம்பிடித்தன

பினாங்கு ஜார்ஜ்டவுனில் எங்கள் வார இறுதி டியூஷன் வகுப்பின் நான்கு பழைய கணினிகளில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டதையும், சனிக்கிழமை தோறும் இரண்டு கணினிகள் மட்டும் 'இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று புதுப்பிப்பை மறுப்பதையும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். மிரரை, அதாவது புதுப்பிப்புகளை இறக்கும் நகல் சர்வரை, மாற்றச் சொன்னீர்கள். மூன்று மிரர்களை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை.

குற்றவாளி, கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டும், மதர்போர்டிலிருந்த சிஆர்2032 பட்டன் பேட்டரி. அது தீர்ந்தால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போயிருக்க வேண்டுமே என்றுதான் நான் அதைச் சந்தேகிக்கவே இல்லை. ஆனால் நேரத்தைச் சரிபார்க்கும் சிஸ்டம்டி-டைம்சிங்க்டி என்ற நிரல் கடைசியாக ஓடிய நேரத்தை வட்டில் எழுதி வைத்து, மறுமுறை அங்கிருந்தே தொடங்குகிறது. ஆக, கடிகாரம் போன ஞாயிறு மாலையிலேயே நின்றிருந்தது. ஐந்தாறு நாள் வித்தியாசத்தை யார் கவனிக்கிறார்கள்? புதுப்பிப்புகளை இறக்கும் ஏப்டி நிரல் கவனித்தது: டெபியன் தரப்பில் புதன்கிழமை கையொப்பமிட்ட கோப்பு அதன் கண்ணுக்கு எதிர்காலத்திலிருந்து வந்தது!

இணையம் நேரத்தைத் திருத்தியிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். ரௌட்டரில், இணையத்திலிருந்து நேரம் வரும் வழியான யுடிபி 123 போர்ட்டை யாரோ அடைத்திருந்தார்கள். (அந்த யாரோ நான்தான், போன ஆண்டு, பாதுகாப்பு வெறியில்.)

கொம்தார் வணிக வளாகத்தில் இரண்டு பேட்டரிகள் வாங்கி மாற்றினேன், போர்ட்டையும் திறந்தேன். இரண்டு சனிக்கிழமைகளாகத் தகராறு இல்லை. பிரிண்டர் மட்டும் இன்னும் முறைக்கிறது; அதைத் தனியாக எழுதுகிறேன்.