வாயும் பாட்டும் ஒட்டவே மாட்டேன் என்கிறது: மாணவர் மியூசிக் வீடியோ, உதவி தேவை

மூன்றாம்பெஞ்ச்:

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காக நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு மியூசிக் வீடியோ எடுத்திருக்கிறோம். பாட்டு எங்களுடையதுதான். கூடப் படிக்கிறவன் மெட்டுப் போட்டு லேப்டாப்பிலேயே மிக்ஸும் செய்துவிட்டான். நீளம் 3 நிமிடம் 38 நொடி.

ஸ்பீக்கரில் பாட்டை ஓடவிட்டு, பாடகியை வாயசைக்க வைத்து, ஒவ்வொரு இடத்திலும் முழுப் பாட்டையும் ஒரே டேக்காக எடுத்தோம். மொட்டைமாடியில் எடுத்தது கேமராவில், நொடிக்கு 25 ஃபிரேம். வராந்தாவில் எடுத்தது போனில், 30 ஃபிரேம். எடிட்டில் கிளிப்புகளை அடுக்கும் டைம்லைனும் நொடிக்கு 25 ஃபிரேம்தான். டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பில் எடிட் செய்கிறேன்.

தொடக்கத்தில் தட்டிய கைதட்டலை வைத்து ஒட்டினால் பல்லவி வரை எல்லாம் அழகாக இருக்கிறது. சரணம் வரும்போது வாய் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். வரிவரியாக வெட்டி நகர்த்திப் பார்த்தேன். ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது கெடுகிறது. இரண்டு நாள் இதிலேயே போய்விட்டது, வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். இன்னொன்று: 50 ஃபிரேமில் எடுத்த ஸ்லோமோஷன் ஷாட் ஒன்று இருக்கிறது. அதில் வாய் பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் அசைகிறது. அதையும் காப்பாற்ற முடியுமா?

அரைகுறைஎடிட்டர்:

ப்ளூடூத் ஸ்பீக்கர்தானே? அதுதான் காரணம். ப்ளூடூத்தில் சத்தம் தாமதமாகத்தான் வரும். ஒயர் போட்ட ஸ்பீக்கர் வைத்து மறுபடி எடுங்கள், வேறு வழியில்லை.

ஒலிக்காரர்:

அவசரப்பட்டு யாரையும் மறுபடி ஷூட்டிங்குக்கு அனுப்பாதீர்கள். ப்ளூடூத்தில் தாமதம் உண்டு, 0.1 முதல் 0.3 நொடி வரை சாதாரணமாகப் போகும். ஆனால் பாடகி எதைக் கேட்டு வாயசைக்கிறார்? ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தத்தை. கேமராவின் மைக்கும் அதே சத்தத்தைத்தான் பதிவு செய்கிறது. இருவருக்கும் ஒரே தாமதம் என்றால் எடிட்டில் அது காணாமல் போய்விடும். பாடகி மட்டும் ப்ளூடூத் இயர்போன் மாட்டிக்கொண்டு பாடியிருந்தால் கதை வேறு.

தூரத்தையும் பாருங்கள். சத்தம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கர் கேமராவுக்குப் பக்கத்திலும் பாடகி 14 மீட்டர் தள்ளியும் நின்றால், 25 ஃபிரேம் கணக்கில் ஒரு ஃபிரேம் தாமதம். அவ்வளவுதான். எப்படியானாலும் இதெல்லாம் மாறாத இடைவெளி. ஒருமுறை நகர்த்தினால் கடைசி வரை சரியாக இருக்கும். உங்களுடையது போகப்போக விலகுகிறது, ஆகவே காரணம் வேறு.

ஒன்று கேட்க மறந்தேன், எடிட் செய்யும்போது காதில் என்ன மாட்டியிருக்கிறீர்கள்? ப்ளூடூத் என்றால் கழற்றி வைத்துவிட்டு ஒயர் உள்ளதை மாட்டுங்கள். ப்ளூடூத் கெடுப்பது அங்கேதான்.

வெட்டுமேசை:

தம்பி, வெட்டி நகர்த்துவதை முதலில் நிறுத்து. மருந்து கொடுக்குமுன் நோய் என்னவென்று பார்ப்போம். இரண்டு கிளிப்பையும் வெட்டாமல் முழுசாகப் புது டைம்லைனில் போட்டு, கைதட்டலில் ஒட்டு. அப்புறம் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்.

ஒன்று, கிளிப்பில் கேமரா மைக் பதிவுசெய்த சத்தம் இருக்கிறதே, அதை மிக்ஸ் செய்த பாட்டோடு சேர்த்து ஓடவிட்டால் கடைசி வரை ஒட்டியே போகிறதா, இல்லை எதிரொலி மாதிரி பிரிகிறதா?

இரண்டு, 1, 2, 3 நிமிடத்திலும் கடைசியிலும் எத்தனை ஃபிரேம் விலகல்? கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லாதே, ப, ம மாதிரி உதடு மூடும் எழுத்தில் நிறுத்தி எண்ணு.

மூன்றாம்பெஞ்ச்:

தம்பி இல்லை அண்ணா, தங்கச்சி. ஒலிக்காரர் சார், ப்ளூடூத் இயர்போன்தான் மாட்டியிருந்தேன். கழற்றிவிட்டேன்.

வராந்தா (போன்): கிளிப்பின் சத்தம் பாட்டோடு கடைசி வரை ஒட்டியே போகிறது, எதிரொலியே இல்லை. ஆனால் படம் முந்துகிறது. 1 நிமிடத்தில் 6 ஃபிரேம், 2 நிமிடத்தில் 11, 3 நிமிடத்தில் 5. கடைசி வரியில் சரியாக வந்து சேர்ந்துவிடுகிறது! தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மூன்று முறை பார்த்தேன்.

மொட்டைமாடி (கேமரா): இதில் படமும் சத்தமும் ஒன்றாகவே பாட்டிலிருந்து பின்தங்குகின்றன. 16, 31, 47 ஃபிரேம்.

வெட்டுமேசை:

நன்றாக எண்ணியிருக்கிறாய், தங்கச்சி. இவை இரண்டு வேறு வேறு நோய். ஒரே மருந்தை இரண்டுக்கும் கொடுத்ததால்தான் இரண்டு நாள் போயிற்று.

வராந்தா கிளிப் மாறும் ஃபிரேம்ரேட். போன் 30 என்று சொன்னாலும் வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும், நொடிக்கு எடுக்கும் எண்ணிக்கை குறையும். எந்த ஃபிரேம் எந்த நேரத்தில் வர வேண்டும் என்பது ஃபைலிலேயே இருக்கும், போனில் பார்த்தால் சரியாகத்தான் ஓடும். எடிட்டிங் மென்பொருள் அதை மதிக்காமல் சராசரி எடுத்து, எல்லா ஃபிரேமையும் சம இடைவெளியில் அடுக்கிவிட்டால் இப்படி ஆகும். இருட்டில் எடுத்த, ஃபிரேம் குறைந்த பகுதி வேகமாக ஓடி முந்தும். வெளிச்சத்தில் எடுத்த பகுதி மெதுவாக ஓடி அதை ஈடுகட்டும். சராசரி என்பதால் தொடக்கமும் முடிவும் சேரும், நடு வயிறு மட்டும் பிதுங்கும். பாடகி இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு நடந்து வருகிறாளா?

மொட்டைமாடியில் படமும் சத்தமும் தங்களுக்குள் ஒட்டித்தான் இருக்கின்றன, ஆகவே கேமராவில் கோளாறு இல்லை. 180 நொடியில் 47 ஃபிரேம் என்றால் 1.88 நொடி, அதாவது சுமார் 1.04 சதவீதம், கூடிக்குறையாமல் ஒரே சீராக. 30-ஐயும் 29.97-ஐயும் குழப்பியிருந்தால் 0.1 சதவீதம்தான் வரும். 24-ஐ 25 ஆக ஓட்டியிருந்தால் 4-க்கு மேல். 44.1 கிலோஹெர்ட்ஸ் ஆடியோவை 48 என்று நினைத்து ஓட்டியிருந்தால் கிட்டத்தட்ட 9, குரலும் கீச்சென்று ஆகியிருக்கும். 1.04 இந்த வீட்டுப் பிள்ளைகளில் யாருடைய ஜாடையிலும் இல்லை. என் சந்தேகம் பாட்டின் மேல். மாடியில் ஓடவிட்டதும் டைம்லைனில் இருப்பதும் ஒரே ஃபைல்தானா?

மூன்றாம்பெஞ்ச்:

ஆமாம் அண்ணா, இருட்டிலிருந்து வெளியே நடந்து வருவதுதான் ஷாட்டே! எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பாட்டு ஒரே பாட்டுதான். சத்தியமாக.

மூன்றாம்பெஞ்ச்:

சத்தியத்தைத் திரும்பப் பெறுகிறேன். மெட்டுப் போட்டவனிடம் கேட்டேன். மாடி ஷூட்டிங் முடிந்த பிறகு “கொஞ்சம் இழுவையாக இருக்கிறதே” என்று டெம்போவை, அதாவது பாட்டின் தாள வேகத்தை, நிமிடத்துக்கு 96 தட்டிலிருந்து 97-க்கு ஏற்றினானாம். “ஒன்றுதானே, யாருக்குத் தெரியப்போகிறது” என்கிறான். பழைய ஃபைல் 3 நிமிடம் 40 நொடி, புதியது 3 நிமிடம் 37.7. வராந்தா ஷூட்டிங் அதற்கு அப்புறம் நடந்ததால் அது தப்பித்தது.

வெட்டுமேசை:

97-ஐ 96-ஆல் வகுத்தால் 1.0104. உன் கணக்கு கச்சிதம். அவனை விட்டுவிடு, எல்லாக் குழுவிலும் ஒருவன் இருப்பான்.

மாடி கிளிப்பின் வேகத்தை 101.04 சதவீதம் ஆக்கு. சுமார் 4 நொடிக்கு ஒரு ஃபிரேம் போகும். மெதுவாகக் கேமரா திரும்பும் இடத்தில் மட்டும் உற்றுப் பார்த்துக்கொள், மற்ற இடத்தில் யாருக்கும் தெரியாது. வேகம் மாற்றிய பிறகுதான் வெட்ட ஆரம்பிக்க வேண்டும்.

நிழல்படம்:

வராந்தா கிளிப்புக்கு நான் சொல்கிறேன். முதலில் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அந்த ஃபைலைத் திறந்து பாரும்மா. ஃபிரேம்ரேட் மோடு என்ற இடத்தில் ‘வேரியபிள்’ என்று இருந்தால் வெட்டுமேசை சொன்னதேதான். அப்புறம் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் இலவச மென்பொருளில் 30 கான்ஸ்டன்ட் (மாறாத ஃபிரேம்ரேட்) என்று மாற்றிப் புது ஃபைல் எடு. தரத்துக்கான ஆர்எஃப் எண் 16-லிருந்து 18-க்குள் வை. எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். பழைய ஃபைலை அழித்துவிடாதே.

அந்தக் கிளிப் போனிலிருந்து உன் லேப்டாப்புக்கு எப்படி வந்தது? மெசேஜ் ஆப்பில் வீடியோவாக அனுப்பியிருந்தால் அது அமுக்கிப்போட்ட நகல். கேபிளில் எடு, இல்லையென்றால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்.

மூன்றாம்பெஞ்ச்:

அக்கா, வேரியபிள் என்றுதான் இருக்கிறது. குறைந்தபட்சம் 19.6, அதிகபட்சம் 30.3. கேபிளில்தான் எடுத்தேன். ஹேண்ட்பிரேக்கில் 30 என்று போட்டு மாற்றியும் பார்த்துவிட்டேன், அதே 11 ஃபிரேம் விலகல் அப்படியே நிற்கிறது. போதாக்குறைக்குப் படத்தின் ஓரம் வேறு வெட்டுப்பட்டிருக்கிறது. அழுகையாக வருகிறது.

நிழல்படம்:

அழாதே, இரண்டுமே எல்லோரும் விழுகிற குழி. 30 என்று தேர்ந்தெடுக்கும் இடத்துக்குக் கீழே இரண்டு வட்டம் இருக்கும், ‘கான்ஸ்டன்ட்’ ஒன்று, ‘பீக்’ ஒன்று. 1080பி30 என்ற ப்ரீசெட்டை (தயாராக இருக்கும் அமைப்பை) எடுத்தால் பீக்கில்தான் புள்ளி இருக்கும். பீக் என்றால் 30-ஐத் தாண்டாது என்று மட்டும்தான் அர்த்தம், கீழே இறங்கலாம். கான்ஸ்டன்ட்டைத் தொடு.

ஓரம் வெட்டுப்பட்டது தானியங்கி கிராப்பிங்கால். கருப்பு ஓரத்தைத் தேடி வெட்டும் வசதி அது. உன் வராந்தா இருட்டைக் கருப்புப் பட்டை என்று நினைத்திருக்கும். டைமென்ஷன்ஸ் பக்கத்தில் கிராப்பிங்கை அணைத்துவிடு.

அடுத்த முறை எடுக்கும்போது ஃபிரேம்ரேட்டையும் ஷட்டரையும் பூட்டிவைக்கும் ஆப் ஒன்றில் எடு, பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம்தான். ஐபோன் என்றால் கேமரா செட்டிங்ஸில் ‘ஆட்டோ எஃப்பிஎஸ்’ இருக்கும், அதை அணை. படம் கொஞ்சம் இருட்டாகத்தான் வரும். விளக்கு வைத்துச் சமாளி.

மூன்றாம்பெஞ்ச்:

ஒட்டிவிட்டது!!! 11 ஃபிரேம் இருந்த இடத்தில் இப்போது ஒன்றே ஒன்று. மாடி கிளிப்பும் 101.04-ல் கடைசி வரி வரை வந்துவிட்டது. அந்த ஒரு ஃபிரேமை எந்தப் பக்கம் வைக்கட்டும்? படம் முந்தட்டுமா, பாட்டு முந்தட்டுமா?

ஒலிக்காரர்:

பாட்டு முந்தவே கூடாது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒளிபரப்புக்காகத் தந்த ஐடியு-ஆர் பிடி.1359 பரிந்துரையில் இதற்குக் கணக்கே உண்டு: சத்தம் சுமார் 45 மில்லிநொடி முந்தினாலே பார்ப்பவர் கண்டுபிடிக்கத் தொடங்குவார், பிந்தினால் 125 வரை விட்டுவிடுவார். தூரத்தில் ஒருவர் துணி துவைத்தால் அடி முதலில் தெரிந்து சத்தம் அப்புறம்தானே வருகிறது, அதற்குப் பழகிய காது நமக்கு. 25-ல் ஒரு ஃபிரேம் 40 மில்லிநொடி. படம் ஒரு ஃபிரேம் முன்னால் இருக்கட்டும்.

கடைசி எக்ஸ்போர்ட்டில் எம்பி3 போடாதே, வேவ் ஃபைலை வை. எம்பி3-யின் தொடக்கத்தில் சில மில்லிநொடி வெற்றிடம் ஒட்டிக்கொள்ளும். கைதட்டலில் ஒட்டியது அதனாலேயே நகர்ந்துவிடும்.

அரைகுறைஎடிட்டர்:

ப்ளூடூத்தை இனி குறை சொல்ல மாட்டேன். ஸ்லோமோஷன் கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டீர்களே?

வெட்டுமேசை:

மறக்கவில்லை, கெட்ட செய்தி என்பதால் தள்ளிப்போட்டேன். 50-ல் எடுத்து 25-ல் ஓட்டினால் எல்லாமே பாதி வேகம், வாயும்தான். எடுக்கும்போதே பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அந்த வேகத்துக்கு வாயசைக்க வைத்திருக்க வேண்டும். முடி மெதுவாகப் பறக்கும், உதடு பாட்டோடு ஒட்டும். சாதாரண வேகத்தில் பாடி எடுத்ததை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. முகம் திரும்பியிருக்கும் துண்டு, கை, பின்பக்கம் நடந்து போவது, அவ்வளவுதான் தேறும்.

மூன்றாம்பெஞ்ச்:

இன்று சாயங்காலம் அந்த ஒரு ஷாட்டை மறுபடி எடுத்தோம் அண்ணா, புது மிக்ஸை இரண்டு மடங்கு வேகத்தில் வைத்து. ஸ்பீக்கரில் குரல் அணில் கத்துவது மாதிரி வந்தது, முதல் நான்கு டேக்கும் சிரிப்பிலேயே போயிற்று. முழுச் சரணமும் அவளால் முடியவில்லை, மூச்சு வாங்குகிறது. கடைசி இரண்டு வரி மட்டும் சுத்தமாக வந்திருக்கிறது.

வெட்டுமேசை:

இரண்டு வரி போதும். 25-ல் போட்டு, உதடு மூடும் எழுத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டுச் சொல்.

மூன்றாம்பெஞ்ச்:

பார்த்தேன். “மழையே” என்ற சொல்லின் ம-வில் உதடு மூடுகிற ஃபிரேமும் பாட்டின் ம-வும் ஒன்றாக விழுகின்றன.